கை வந்துச்சா

யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் ஏலக் கூடத்து ஒலிபெருக்கி "கீறேன்" என்றது.

பவானி மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். எதிரே, மைக்கைத் தாண்டி, நெத்திலிக் கருவாட்டை மடியில் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்த விஜயகுமாரியும் கையை நிறுத்தினாள்.

"நீ கூப்ட்டியாக்கா?"

"நான் எங்க கூப்ட்டேன்? ரெண்டு கையும் கருவாட்டுல கீது. உன் தம்பி குரலுதான அது? பள்ளிக்கூடத்துல ஒரு நாளும் ஆஜர் சொல்லாதவன், இப்ப கூப்புடறதுக்கு முன்னாடியே சொல்றான். நல்ல முன்னேற்றம்தான் போ."

பவானி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஏலக் கூடத்தின் ஓரத்தில் தகரம் அடித்துத் தடுத்த அந்தச் சின்ன அறைக்குள் ஐஸ் உருகி ஓடுகிற ஈரமும், டீசலும், முந்தின நாள் செதில் சுவரில் ஒட்டிக் காய்ந்த நாற்றமும் எப்போதும் போலத்தான் இருந்தன. வெளியே கார்த்திகை மாதத்துக் கடல் எப்போதும் போலத்தான் மணலை இழுத்து இழுத்துத் துப்பிக்கொண்டிருந்தது. முற்பகல் வெயில்கூட மேகத்தின் ஓட்டை வழியாக வந்து தகரத்தைச் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தக் குரல் வந்து போன இடம் மட்டும், பல் பிடுங்கின இடம் மாதிரி, காதுக்குள் வெறுமையாகக் கிடந்தது.

பதில் வந்தால், எங்கேயோ கேள்வி இருந்தாக வேண்டும். கரை கேட்கவில்லை. பிறகு யார்?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, செய்யூர் பஸ் திரும்புகிற முனையிலிருந்து கிழக்கே இறங்கினால் இந்தக் குப்பம். இங்கே ஒவ்வொரு படகிலும் ஒரு மஞ்சள் பெட்டி உண்டு. கரையிலிருந்து மைக்கில் படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நடுக்கடலில் அந்தப் படகின் பெட்டி அலறும். படகும் படகும்கூட அப்படிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பெட்டி பதில் அனுப்பினால், படகுக்காரன் எப்போதோ பதிந்து கொடுத்த அவனுடைய சொந்தக் குரலில் ஒலிபெருக்கி, இருக்கிறேன் என்ற பொருளில், "கீறேன்" என்று சொல்லும். அது குரல். அதற்குப் பிறகு படகில் இருப்பவன் பெட்டியின் கறுப்புப் பொத்தானை விரலால் அழுத்த வேண்டும். அழுத்தினால் கரையில் 'டொக்' என்று கேட்கும். அது கை. குப்பத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வதே அப்படித்தான்: "குரல் வந்துச்சா? கை வந்துச்சா?" இரண்டும் வந்தால் ஆள் இருக்கிறான். நிம்மதியாக உலை வைக்கலாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மைக்கில் படகைத்தான் கூப்பிடுவார்கள். ஆளைக் கூப்பிட மாட்டார்கள். கடலைப் பார்த்து ஆளைக் கூப்பிட்டால் வரக் கூடாதவர்களுக்கும் காது கேட்கும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மூன்று நாளைக்கு முன்னால் அந்தக் கையை எடுத்துவிட்டவள் பவானிதான். மாற்றம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தான் இன்று கரைக்கு வந்திருந்தாள்.

இதே குப்பத்து முனிசாமியின் மகள். படித்து, படூரில் இந்தப் பெட்டிகளைச் செய்கிற கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்து, பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற மென்பொருளான கெர்னலைப் பார்த்துக்கொள்கிறவள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமின் தோளைத் தொட்டு, "ஏய், இங்கே பார்" என்று கெர்னல் சொல்வதற்குத்தான் சிக்னல் என்று பெயர். பெட்டிக்கு வருகிற ஒவ்வொரு கூப்பாடும் அப்படி ஒரு சிக்னல். பழைய கெர்னலுக்கு ஒரு குணம் இருந்தது. ஒரு தடவை தொடும். தொட்டதும், இந்தப் புரோகிராமைத் தொட வேண்டும் என்பதையே மறந்துவிடும். "அடுத்த தடவையும் என்னைத் தொடு" என்று புரோகிராம் திரும்பச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லி வைப்பதற்குள் இரண்டாவது சிக்னல் வந்தால், புரோகிராம் அந்த இடத்திலேயே செத்து விழும். பெட்டியை முதலில் எழுதிய உலகநாதன், அப்படித் திரும்பச் சொல்கிற வரியைக் கொண்டுபோய்ப் பொத்தானுக்குப் பின்னால் வைத்திருந்தார். விரல் அழுத்தினால் பெட்டிக்கு மறுபடி காது திறக்கும். அழுத்தாவிட்டால், அடுத்த கூப்பாட்டில் பெட்டி செத்துவிடும்.

புதிய கெர்னல் மறப்பதில்லை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் தொடும். பழைய புரோகிராம் பழையபடி ஓட வேண்டுமானால், "நீ மறந்துவிடு" என்று அதற்கு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். கெர்னல் வேலையில் முதல் பாடமே அதுதான்: பழைய புரோகிராம் எதை நம்பி ஓடுகிறதோ, அது பிழையாகவே இருந்தாலும், அதை உடைக்காதே.

பவானி அந்த வரியை விட்டுவிட்டாள். மறந்து அல்ல. அது வெறும் பிழை என்று நினைத்து.

ஓய்வு பெற்றுத் திருப்போரூருக்குப் போன நாளில் உலகநாதன் வாசல் வரைக்கும் வந்து திரும்பி நின்று, "அம்மா பவானி, எதை வேணா மாத்து. அந்தப் பொத்தான்ல கை வைக்காத" என்றார்.

"ஏன் சார்? ஒவ்வொரு தடவையும் அமுக்கறதுக்குள்ள வலை நழுவிடுதுன்னு ஆளுங்க திட்டறாங்க."

"திட்டட்டும். திட்டறவன் உசுரோட இருக்கான்."

அன்று அதையும் கிழவரின் குறும்பு என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

இதற்குள் ஒலிபெருக்கி இன்னும் இரண்டு தடவை "கீறேன்" என்றுவிட்டது. அவள் தம்பி கலையரசனைக் கைபேசியில் அழைத்தாள். கரைக்குப் பக்கத்தில் இருந்தால் டவர் கிடைக்கும். கிடைத்தது.

"இன்னாக்கா, எதுக்குச் சும்மா சும்மா கூப்புட்டுகினே கீற? பெட்டி வாய மூட மாட்டேங்குது. மீனெல்லாம் பயந்து பாண்டிச்சேரிக்கே ஓடிடும்."

"நான் கூப்புடலடா. கரையில யாருமே கூப்புடல."

"அப்ப யாரு?" எஞ்சின் சத்தத்துக்கு மேல் அவன் சிரிப்பது கேட்டது. "ஒரு வேள அந்தப் போட்டா இருக்கும். தெக்கால ஒண்ணு நிக்குது. நம்மூரு போட்டு மாதிரிதான் கீது, எதுன்னு தெரியல. பழைய பெயின்ட்டு. எஞ்சின் நின்னு போச்சோ இன்னாவோ, ஆடிகினு கீது. கிட்டப் போய்ப் பாக்கறேன்."

"வேணாண்டா கலை. வாடை ஏறுது. திரும்பி வந்துடு."

"ஒருத்தன் நடுக்கடல்ல நிக்கறான், வுட்டுட்டு வரச் சொல்றியா? நைனா கேட்டிருந்தா உன்ன உதைச்சிருப்பாரு. சம்பூர்ணத்தாண்ட சொல்லு, ரசம் வைக்கச் சொல்லி. வச்சிடறேன்."

வைத்துவிட்டான்.

பவானி சன்னல் வழியாகத் தெற்கே பார்த்தாள். கடலும் வானமும் சேருகிற கோடு அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி இருந்தது. எதுவும் தெரியவில்லை.

"கீறேன்," என்றது ஒலிபெருக்கி.

கொஞ்சம் கழித்து மறுபடியும்.

விஜயகுமாரி கருவாட்டை முறத்தில் தள்ளினாள். "அந்தச் சனியன நிறுத்துடி. காதுல வாங்க முடியல."

உச்சிக்கு முன்பே வெளிச்சம் சுருங்கிவிட்டது. வாடைக்காற்று முதலில் ஏலக் கூடத்துத் தார்ப்பாயை மெல்லத் தட்டிப் பார்த்தது, பிறகு விளிம்பைப் பிடித்துப் படபடவென்று அடித்தது, கடைசியில் வீட்டுக்குள் வர உரிமை உள்ளவன் கதவை உதைப்பது போலத் தகரச் சுவரைக் குத்தியது. மணல் பறந்து வந்து கண்ணிலும் வாயிலும் மடிக்கணினியின் பொத்தான்களுக்கு நடுவிலும் விழுந்தது. படகுகள் ஒவ்வொன்றாக அலை முறிகிற இடத்தில் தயங்கி நின்று, முதுகைக் கொடுத்து, உருண்டு மணலுக்கு வந்தன. டிராக்டர் கறுப்புப் புகை கக்கி அவற்றை மேலே இழுத்தது. ஆட்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, மைக் அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள்.

எல்லாப் படகும் வந்தது. கன்னியம்மா வரவில்லை. கலையரசன் தனியாகக் கொண்டுபோன படகு.

சம்பூர்ணம் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். கலையரசனின் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து பவானியிடம் ஒரு சொல் நேராகப் பேசியதில்லை.

"படூரு ஃப்ளாட்டுல ஏசி போட்டுகினு குந்தியிருக்கறவங்கெல்லாம் இன்னிக்கு மைக்காண்ட கீறாங்க. நமக்கு நல்ல காலந்தான்."

"சம்பூர்ணம், அவன் இன்னும் வரல..."

"தெரியுது. எனக்கும் கண்ணு கீது." பவானியைத் தள்ளிக்கொண்டு போய் மைக்கை எடுத்தாள். "கன்னியம்மா! ஏ கன்னியம்மா!"

"கீறேன்," என்றது கலையரசனின் குரல். உடனே. கூப்பிட்ட சொல்லின் வால் அடங்குவதற்குள்.

சம்பூர்ணத்தின் தோள் இறங்கியது. "கீறாரு. வழியில கீறாரு போல." மறுபடி கூப்பிட்டாள். மறுபடி "கீறேன்." அதே சொல், அதே ஏற்றம், அதே இழுவை. பொங்கல் சமயத்தில், வாயில் கரும்போடு, பின்னால் யாரோ சிரிக்க அவன் பதிந்து கொடுத்த குரல். அந்தச் சிரிப்பும் ஒவ்வொரு தடவையும் கூடவே வந்தது.

பவானிக்குத்தான் தெரியும். படகில் யாருமே இல்லாவிட்டாலும் இந்தப் பெட்டி இப்படித்தான் பதில் சொல்லும். படகு கவிழ்ந்து கிடந்தாலும் சொல்லும். அவள்தான் அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தாள்.

"சம்பூர்ணம். அது அவன் இல்ல."

"இன்னா?"

"அது பெட்டி. யாரும் பொத்தான அமுக்கத் தேவையில்லாம நான்தான் மாத்தினேன். இப்ப ஆள் இல்லன்னாலும் அது சொல்லும்."

சம்பூர்ணம் மைக்கைக் கீழே வைத்தாள்.

"கை வரலையேன்னு முந்தா நாளே கேட்டேன். 'இனிமே கை வராது, வேணாம், புதுசு'ன்னு இந்தாளு வூட்டுல வந்து பெருமையா சொன்னாரு. எங்க அக்கா பண்ணதுன்னு." சம்பூர்ணம் அருகே வந்தாள். அவள் மூச்சில் காலையில் குடித்த கூழின் புளிப்பு. "அப்ப இத்தினி நேரம் நான் யாரோட பேசிகினு இருந்தேன்? சொல்லுங்க அண்ணி. யாரோட?"

பவானி கைபேசியை எடுத்தாள். உலகநாதனுக்குப் போன் போட்டாள்.

அவள் சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு, "கை வைக்காதன்னு சொன்னேனே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை; வெறுப்பு இருந்தது. "முதல் பெட்டிய நீ மாத்தின மாதிரிதான் பண்ணேன். எத்தனை தடவ கூப்பிட்டாலும் பதில். ஒரு நாள் அது படகிலிருந்து தவறித் தண்ணில விழுந்து போச்சு. அது பதில் சொல்றத நிறுத்தல."

"பேட்டரி தீர்ற வரைக்கும் சொல்லியிருக்கும் சார்."

"பேட்டரி என் கையில இருந்துச்சும்மா. மாத்தறதுக்குக் கழட்டி வச்சிருந்தேன்."

தார்ப்பாய் படபடத்தது.

"அப்புறந்தான் அந்தப் பழைய குணத்த வேணும்னே வச்சேன். ஒரு பதில். கை இல்லன்னா சாவு. சாக விட்டாத்தான் சும்மா கிடக்கும். இதச் சொன்னா நீ சிரிச்சிருப்ப. எல்லாரும் சிரிச்சீங்க." மூச்சு வாங்கினார். "அந்த வரியத் திரும்பப் போடு. கை வந்தா உன் தம்பி. வரலைன்னா, அதுக்கப்புறம் கூப்பிடாத. என்னையும் கூப்பிடாத."

பவானி அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டாள். அடுத்த அழைப்பு படூரிலிருந்து. மேனேஜர் ஹரிஹரன்.

"பவானி, நீங்க ஏதோ பில்டு பண்றதாக் காட்டுது. என்ன நடக்குது? நாளைக்கு டெமோ. பொத்தான் இல்லாத பெட்டின்னு சொல்லித்தான் கூட்டியிருக்கோம்."

"என் தம்பி கடல்ல இருக்கான் சார்."

"உங்க குப்பத்து சென்டிமென்ட்டுக்கெல்லாம் கெர்னல மாத்த முடியாது. அனுப்பினீங்கன்னா நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

பவானி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டாள். டவர் வழியாக எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பினாள்.

பெட்டிகள் ஏற்றுக்கொள்ள ஏற்றுக்கொள்ளத் திரையில் படகின் பெயர் பச்சையாக மாறும். கரையில் நிற்கிற படகுகள் முதலில் மாறின. பிறகு நின்றது. சம்பூர்ணம் அவள் தோளுக்கு மேலே குனிந்து நின்றாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் அவள், உதடு அசைந்தது.

ஒரு பெயர் பச்சையானது.

"தே... சிங்கு," என்றாள் சம்பூர்ணம்.

பவானி மடிக்கணினியிலிருந்து கையை இழுத்துக்கொண்டாள். தேசிங்கு அவள் அப்பா முனிசாமியின் படகு. மூன்று கார்த்திகைக்கு முன்னால், இதே மாதிரி வாடையில், போய்த் திரும்பாத படகு. அன்றும் இந்த மைக்கில் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு "கீறேன்" வந்தது. கை வரவில்லை. பொழுது சாயும் வரை கூப்பிட்டும் அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. பெட்டி செத்துவிட்டது என்றார் உலகநாதன். ஆளும் என்று எல்லோருக்கும் புரிந்தது. உடல் கிடைக்காமலேயே கருமாதி செய்தார்கள். பெயரை மட்டும் யாரும் திரையிலிருந்து எடுக்கவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால், அவள் புதிய கெர்னலை அனுப்பியபோதும் இது பச்சையாகி இருக்கும். யாரும் பார்க்கவில்லை. மூன்று நாளாகச் சாகாமல் கிடக்கிறது. மூன்று நாளாகக் கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறது.

தெக்கால ஒண்ணு நிக்குது. பழைய பெயின்ட்டு.

"ஏய், இன்னாடி இது," என்று விஜயகுமாரி எழுந்தாள். முறம் கவிழ்ந்து கருவாடு தரையெல்லாம் சிதறியது. "முனிசாமி அண்ணாத்த போட்டு எப்டிடி..."

அடுத்த பெயரும் பச்சையானது. கன்னியம்மா.

"கூப்புடுங்க," என்றாள் சம்பூர்ணம். "கூப்புடுங்க அண்ணி. கை வருதான்னு பாக்கணும்."

பவானி மைக்கை எடுத்தாள். இரும்பு சில்லிட்டது.

"கன்னியம்மா."

"கீறேன்." கரும்பு. சிரிப்பு.

அவ்வளவுதான் குரல். இனிக் கை.

காத்திருந்தார்கள். தகரத்தில் மணல் விழுகிற சத்தம். ஒலிபெருக்கிக்குள் கடல் இரைகிற மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல். சாக்கடையில் ஐஸ் தண்ணீர் சொட்டுகிற சத்தம். விஜயகுமாரி தாலிக் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள்.

வரவில்லை.

வரவில்லை.

'டொ... டொக்.'

"வந்துச்சு!" சம்பூர்ணம் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். "கை வந்துச்சு! ஆத்தா, கன்னியம்மா, கை வந்துச்சும்மா! கீறாரு! ஆள் கீறாரு!" அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே பவானியின் தோளில் அடித்தாள். "ஒரு நிமிசத்துல கொன்னுட்டியே அண்ணி, பாவி!"

பவானியும் சிரிக்கப் பார்த்தாள்.

'டொ... டொக்.'

முதலில் ஒரு வழுக்கல். பிறகு ஓர் அழுத்தம்.

கலையரசன் ஒரே தட்டாகத் தட்டுவான், கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி. இப்படி அழுத்துகிற விரல் குப்பத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நங்கூரக் கயிறு இறுக்கி, கட்டை விரலின் மேல் கணு போய்விட்டது அவருக்கு. மொட்டை விரல் பொத்தானில் முதலில் வழுக்கும். பிறகு அழுந்தும். சின்ன வயதில் பவானி இந்தச் சத்தத்துக்காகத்தான் இதே அறையில் தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். அது வந்ததும் தூங்கிவிடுவாள்.

'டொ... டொக்.'

அவள் வாய் அவளைக் கேட்காமல் திறந்தது. மைக் இன்னும் கையில்.

"நைனா?"

விஜயகுமாரியின் அறை கன்னத்தில் விழுந்த பிறகுதான் பவானிக்குத் தான் சொன்னது உறைத்தது. மைக் தரையில் விழுந்து கிரீச்சிட்டது.

"ஆளக் கூப்புடறியாடி? கடலப் பாத்து ஆளக் கூப்புடறியா? படிச்ச கொழுப்பாடி? நீ இந்த ஊருல பொறந்தவதானா?" அவள் குரல் உடைந்தது. செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே ஓடினாள்.

காற்று நின்றது.

குறையவில்லை. நின்றது. தார்ப்பாய் தூக்கிய இடத்திலிருந்து அப்படியே தொங்கி விழுந்தது.

சம்பூர்ணம் சன்னலில் இருந்தாள். "அதோ வராரு," என்றாள்.

கன்னியம்மா வந்துகொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. எஞ்சினின் விசிறி மாட்டிய நீளமான வால் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்தது. ஆனாலும் படகு நேராக வந்தது. அலை முறிகிற இடத்தில் தயங்கியது. முதல் அலையை விட்டது. இரண்டாவதையும் விட்டது. மூன்றாவதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழாமல், மணலில் வந்து இறங்கியது. கலையரசனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அப்படிப் படகை இறக்குகிற கை அவனுடையது அல்ல.

மணலில் யாரும் இல்லை. டிராக்டர் எஞ்சின் அணையாமல் நின்றது. ஓட்டுகிற இடம் காலி.

பவானி ஓடினாள். கால் புதைந்தது. சம்பூர்ணம் அவளுக்கு முன்னால் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

படகுக்குள் வலை மடித்து வைத்திருந்தது. சோற்றுத் தூக்கு திறக்கவே இல்லை. அவன் சட்டை காய்ந்து, பலகையில் மடித்துக் கிடந்தது. அதன் மேல் அவன் கைபேசி. தண்ணீர் இல்லை. ரத்தம் இல்லை. ஆள் இல்லை. ஊறிப்போன கயிற்றின் நாற்றம் மட்டும், படகு முழுக்க, நெடுநாள் மூடிய பெட்டியைத் திறந்த மாதிரி.

நடுப்பலகையில் மஞ்சள் பெட்டி. அதன் கறுப்புப் பொத்தான் மேலே ஈரம்.

பொத்தான் தானாக இறங்கியது. வழுக்கி மேலே வந்தது. மறுபடி இறங்கி, அழுந்தி, நின்று, எழுந்தது.

பின்னால், ஆளில்லாத ஏலக் கூடத்தில், 'டொ... டொக்' என்றது. பிறகு, யாரும் கூப்பிடாமலே, கரும்பு மென்று சிரிக்கிற வாயோடு, "கீறேன்."

"நிறுத்து," என்றாள் பவானி. யாரிடம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பொத்தான் இறங்கியது.

அவள் படகுக்குள் எட்டி, பெட்டியை இழுத்து, தன் கட்டை விரல் நகத்தைப் பொத்தானுக்கு அடியில் கொடுத்து நெம்பி, அதை மேலே தூக்கிப் பிடித்தாள். இறங்கவிடக் கூடாது. இறங்காவிட்டால் கை இல்லை. கை இல்லாவிட்டால் அது செத்துவிடும். சாக விட்டால் சும்மா கிடக்கும்.

பொத்தான் நின்றது.

ஒலிபெருக்கி நின்றது. கடலும் நின்றது.

சம்பூர்ணம் தண்ணீரிலிருந்து திரும்பினாள். அவள் முகத்தில் பெரிய நிம்மதி இருந்தது. கண் மட்டும் பவானியைப் பார்க்கவில்லை. பவானிக்குப் பின்னால், தோளுக்குச் சற்று மேலே, எதையோ பார்த்தது.

"குரல் வந்துச்சு," என்றாள் சம்பூர்ணம். "கையும் வந்துச்சு. ரெண்டும் வந்துச்சு அண்ணி. ஆள் கீறாரு. பாருங்க, ரெண்டு பேரும் கீறாங்க."

பவானியின் கட்டை விரல் மேல் ஈரமாக ஏதோ வந்து அமர்ந்தது. சில்லென்று. கனமாக. மேல் கணு இல்லாமல்.

முதலில் வழுக்கியது.

பிறகு அழுத்தியது.